புளூமாவின் அப்பிள் கூகல்

கோப்பாயில் இராசமலரின் வீடு எது என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். "இஸ்ரேல் மலரக்கா" என்று கேட்டால் சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரர் படலை வரை கொண்டுவந்து விடுவார். ஊரில் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். புருஷன் சண்முகநாதன் தோட்டக்காரர். ஒருநாள் விடிகாலை, வெங்காய மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனவரை லொறியொன்று தட்டிவிட்டது. இடுப்பெலும்பு உடைந்தது. பொருந்தினாலும், குனிந்து மண் கொத்துகிற உடம்பாக அது திரும்பவில்லை. மகள் நிவேதனா அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். இராசமலர் கொழும்பில் ஒரு ஏஜென்சியில் பெயர் கொடுத்து, முதியவர்களைப் பராமரிக்கிற வேலைக்குப் போனாள்.

அவளுக்குக் கிடைத்தது கடலோர மலைநகரம் ஒன்றில், மூன்றாம் மாடி வீடு. அங்கே புளூமா என்ற மூதாட்டி தனியே இருந்தார். கலியாணப் பெண்களுக்குச் சட்டை தைத்தே வாழ்ந்தவர். விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள் எண்பது தாண்டியும் கறுப்பாய் இருந்தன. ஒரே மகன் டோவ், பக்கத்து நகரத்தில் மின்சார வேலை செய்கிறவன், கிழமைக்கொருமுறை வந்து தாயின் முன் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பான். முதல் மாதம் இராசமலருக்கு அந்தப் பாஷையில் "தண்ணீர்", "மருந்து", "வலிக்கிறதா" என்ற மூன்று சொல்தான் தெரியும். புளூமாதான் அவளுக்குக் கதைக்கப் பழக்கினார். தன் பெயருக்குத் தங்கள் வீட்டுப் பழைய பாஷையில் பூ என்று அர்த்தம் என்று அவர் சொல்லியும் கைகாட்டியும் விளக்கியபோது, இராசமலர் தன் நெஞ்சைத் தொட்டு, "நானும்! நானும்!" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள்.

நிவேதனாவின் கலியாணம் கொரோனாக் காலத்தில் நடந்தது. விமானம் இல்லை. பெற்ற தாய், கோயில் மண்டபத்தில் தாலி ஏறுவதைத் தொலைபேசித் திரையில் பார்த்தாள். அன்று புளூமா விடிய எழும்பித் தன் நல்ல நீலச் சட்டையைப் போட்டு, உதட்டுச் சாயமும் பூசிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மேளம் கொட்டியதும் தானும் கை தட்டினார். பிறகு, அழுதுகொண்டிருந்தவளின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதை இராசமலர் ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால், நீ அங்கே மடியில் கிடந்தாய், நாங்கள் இங்கே பந்தி பரிமாறினோம் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

வருஷா வருஷம் வசந்தத்தில், பூரணை நிலவோடு அங்கே பேசாக் பண்டிகை வரும். எகிப்தில் அடிமைகளாயிருந்த சனம் தப்பி வெளிக்கிட்ட அவசரத்தில், ரொட்டிமா புளித்துப் பொங்கக் காத்திருக்க நேரமில்லாமல் போனதாம். அந்த நினைவுக்காக, பண்டிகை நாட்களில் புளித்த மாவின் தூசிகூட வீட்டில் இருக்கக் கூடாது. அலுமாரி, அடுப்பு, கதிரை இடுக்கு எல்லாம் துடைத்துக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் புளூமா அப்பிள் கூகல் செய்வார். மட்ஸா என்கிற, அப்பளம்போல நொறுங்கும் புளிக்காத ரொட்டியைப் பொடியாக்கி, அப்பிளைத் துருவி, முட்டையும் சீனியும் கறுவாத்தூளும் சேர்த்து ஒரு தட்டில் ஊற்றிச் சுட்டெடுப்பது. அவருடைய தாய் செய்த கைப்பக்குவம் அது. கையில் வலு இருந்தவரை தானே செய்தார். பிறகு கதிரையில் இருந்தபடி, "இன்னும் கறுவா, இன்னும்!" என்று அதட்டிச் செய்வித்தார்.

மூளையில் இரத்தம் கட்டி விழுந்தெழும்பிய பிறகு அந்த அதட்டலும் போய்விட்டது. பேச்சு குறைந்தது, ஆட்களின் பெயர் போயிற்று, விழுங்குவது கடினமாயிற்று. டோவ் ஊட்டினால் பல்லை இறுக்கிக்கொள்வார். இராசமலர் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நிமிர்த்தி இருத்தி, நாடியை நெஞ்சுப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தி, தன் வாயைத் திறந்து காட்டித் தமிழிலேயே, "ஆ காட்டுங்கோ" என்பாள். கிழவியின் வாய் திறக்கும். ஒரு சின்னக் கரண்டி. தொண்டை ஏறி இறங்கும்வரை பொறுமை. பிறகு அடுத்த கரண்டி. கூகலின் மெதுமையும் இனிப்பும் அவருக்குச் சுகமாக இறங்கியது. அதனால் பண்டிகை போன பிறகும் இராசமலர் அதைச் செய்துகொண்டே இருந்தாள்.

இப்படியிருக்க, நிவேதனாவுக்கு வயிற்றில் தங்கியது. தலைப்பிரசவம். "இதுக்காவது வருவியளோ?" என்று அவள் கேட்ட கேள்வியில் கெஞ்சலும் இருந்தது, குத்தலும் இருந்தது. இராசமலர் ஒரு மாத லீவு எடுத்தாள். அவளுக்குப் பதிலாக ஒரு நேபாளத்துப் பெண் வந்தாள். பொறுமையான பிள்ளைதான். இரண்டு நாள் பக்கத்தில் வைத்து எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டு, கதவடியில் நின்று, "கெதியா வந்திடுவன்" என்றாள் இராசமலர். புளூமா அவளுடைய பெட்டியின் கைபிடியைப் பிடித்தபடி இருந்தார். விரல்களை டோவ் ஒவ்வொன்றாக விலக்கினான்.

பேரன் சுகமாகப் பிறந்தான். பத்தியக்கறி, சரக்குத்தண்ணி, வேதுக் குளிப்பு, பிள்ளைக்கு எண்ணெய் என்று நாட்கள் ஓடின. திரும்பிப் போகும் நாளும் நெருங்கிற்று. அப்போதுதான், சித்திரை வருஷம் பிறந்த கையோடு, அந்த நாட்டு வானத்தில் ஏவுகணைகள் பறந்தன. ஆகாயவழி மூடியது. பிறகு திறந்தது என்றார்கள். ஆனால் அவளுடைய விமானம் பறக்கவில்லை. கொழும்புக்குப் போன் எடுத்தால், "பொறுங்கோ அக்கா, எங்களுக்கே தெரியேல்லை" என்றார்கள். அவளைத் திரும்பவும் உள்ளே விடுகிற அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. யாரிடம் போய் முறையிடுவது? படலையடியில் நின்று வானத்தைப் பார்த்தால் அது ஒன்றும் நடவாததுபோல நீலமாய்க் கிடந்தது.

ஒருநாள் மத்தியானம் டோவ் அழைத்தான்.

"மலர், அம்மா வாய் திறக்கிறாரில்லை. தண்ணீர்கூடப் பஞ்சில் நனைத்துத்தான் வைக்கிறோம். உங்கள் முகத்தைக் காட்டிப் பார்ப்போமா?"

காட்டிப் பார்த்தார்கள். புளூமா திரையைப் பார்க்காமல், குரல் வந்த பக்கம் என்று நினைத்துக் கதவைப் பார்த்தார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இராசமலர் கூப்பிடக் கூப்பிட, அந்தக் கழுத்து கதவுப் பக்கமே திரும்பியது. யாரோ வரப்போகிற ஆளுக்காக முகம் விரிவதையும், வராததால் அது சுருங்குவதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் டோவ் சொன்னான்: "வருகிற திங்கள் மாலை பேசாக் தொடங்குகிறது. நீங்கள் அந்தக் கூகலைச் செய்து, தட்டும் கையுமாகக் காட்டினால்? கையில் சாப்பாட்டோடு உங்களைக் கண்டால் நினைவு வருமோ என்னவோ. நான் இங்கே கரண்டியோடு நிற்கிறேன்." அது பைத்தியக்கார யோசனை என்று அவனுக்கும் தெரிந்தது போலிருந்தது, குரல் அப்படி. இராசமலர் "ஓம்" என்றாள். வேறு என்ன செய்வாள்?

திங்கள் விடியவே திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் அப்பிள் வாங்கி வந்தாள். மட்ஸாவுக்கு எங்கே போவது? கோதுமை மா கூடவே கூடாது. புளூமா வீட்டார் பண்டிகையில் அரிசியும் தொடாதவர்கள். ஆகவே அரிசி மாவும் இல்லை. கடைசியில் கஜுப் பருப்பை வறுத்து இடித்து வைத்துக்கொண்டாள். வீட்டில் பேக்கிங் அடுப்பு இல்லை. இரண்டு வளவு தள்ளி, ஓடர் எடுத்துக் கேக் செய்து கொடுக்கிற ஜெயனியின் குசினிக்குப் போனாள். அந்த அடுப்பைத் திறந்தால் மூலை முடுக்கெல்லாம் மாத்தூசி. இராசமலர் வாளியில் சுடுதண்ணி எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"மலரக்கா, மாவில்லாமல் கேக்கோ? கேள்விப்பட்டதே இல்லை," என்று ஜெயனி சிரித்தாள். பிறகு அவள் இரண்டாம் முறையும் துடைப்பதைக் கண்டு, "அங்கையிருக்கிற ஒருத்தரும் இதை வாயிலை வைக்கப் போறேல்லை. பிறகு ஏனக்கா உந்தத் துடையல்?" என்றாள்.

"எனக்குத் தெரியுமெல்லே."

"என்ன தெரியும்?"

"மா ஒட்டியிருக்கெண்டு எனக்குத் தெரியுமெல்லே. தெரிஞ்சுகொண்டு அந்த மனிசிக்கு எப்பிடிக் காட்டுறது?"

 ஜெயனி தானும் ஒரு துணி எடுத்துக்கொண்டு வந்து குந்தினாள்.

தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் நிவேதனா வாசலிலேயே நின்றாள். பிள்ளை ஏணையில் நித்திரை.

"அம்மா, நாளைக்குச் சித்திராப் பறுவம். நீங்கள் விரதகாரி. அம்மம்மாக்குப் படைக்க வீடு கழுவி விட்டிருக்கிறன். முட்டை போட்டதை இப்ப உள்ளுக்குக் கொண்டு வாறியளே?"

அது உண்மை. சித்திரை மாதத்துப் பூரணையில், தாயை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம் அது. இராசமலரின் தாய் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில், கொடிகாமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சீமெந்து நிலத்தில் காய்ச்சலோடு கிடந்து போனவர். அன்றுமுதல், இஸ்ரேலில் இருந்த வருஷங்களிலும், அவள் அந்த விரதத்தை விட்டதில்லை.

"மாலுக்கை வைச்சுக் கதைக்கிறன் பிள்ளை. கதைச்சு முடிய ஜெயனியிட்டைக் குடுத்திடுவன்."

"ஆரோ ஒரு கிழவிக்காக இவ்வளவும்." நிவேதனா வழி விடவில்லை. "என்ரை கலியாணத்துக்கு நீங்கள் போனுக்குள்ளை இருந்தியள். மூண்டாம் மாசம் சத்தி எடுத்துச் சுருண்டு கிடந்தன், அப்பவும் போனுக்குள்ளை. இப்ப, பக்கத்திலை வந்து நிண்டுகொண்டும் போனுக்குள்ளைதான் நிக்கிறியள்."

இராசமலர் தட்டோடு நின்றாள். சூடு துணியைத் தாண்டி விரலைச் சுட்டது.  உள்ளே கட்டிலில் கிடந்த சண்முகநாதன்தான் குரல் கொடுத்தார்: "இஞ்சரும், மாலுக்கை மேசை போட்டிருக்கு, அதிலை வையும். பிள்ளை, நீ அம்மாவை ஏசாதை. சாப்பிடாமல் கிடக்கிற சீவனுக்கு விரதமென்ன, முட்டையென்ன."

மால் என்பது முற்றத்தில் ஓலையால் வேய்ந்த திறந்த கொட்டில். அங்கே மேசையில் தட்டை வைத்து, தொலைபேசியை எதில் சாத்தினாலும் சரிந்தது. உச்சிவெயில், திரையில் ஒளியடித்தது. ஒன்றும் சரிவராமல் அவள் தடுமாற, நிவேதனா வந்து தொலைபேசியை வாங்கி, நிழல் விழத் தன் முதுகை வெயிலுக்குக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பியிருந்தாள்.

அங்கே காலை. புளூமாவுக்கு அந்த நீலச் சட்டையைப் போட்டு, தலை சீவி, யன்னலோரக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். சட்டை தோளில் வழிந்தது. ஒரு மாதத்தில் இப்படி வற்றுமா ஒரு உடம்பு? டோவ் பக்கத்தில் குந்தியிருந்தான், கையில் கடையில் வாங்கிய அப்பிள் மசியல் போத்தல். நேபாளத்துப் பெண் பின்னால் நின்றாள்.

"புளூமா அம்மா," என்று கூப்பிட்டாள் இராசமலர். தட்டைச் சரித்துக் காட்டினாள். மேலே பொன்னிறமாய் வெடித்திருந்தது. ஆவி இன்னும் பறந்தது. "பாருங்கோ, கூகல். கறுவா நிறையப் போட்டனான்."

இம்முறை அவர் கதவைப் பார்க்கவில்லை. கண்கள் அலைந்து அலைந்து வந்து தட்டில் நின்றன. பிறகு மேலே ஏறி, முகத்தில் நின்றன. இராசமலர் கரண்டியால் ஒரு ஓரத்தை வெட்டி, வாயால் ஊதி ஆற்றினாள். எட்டு வருஷமாய்ப் பழகிய கை அது, தானாகவே நீண்டது. தன் வாயையும் திறந்தாள்.

"ஆ காட்டுங்கோ."

புளூமா வாயைத் திறந்தார்.

கோப்பாயில் கரண்டி திரைக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. அங்கே டோவ் தாயின் வாயையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டான். போத்தலின் மூடியைக்கூட அவன் திறந்திருக்கவில்லை. "டோவ்! குடு, கெதியாக் குடு!" என்று இவள் தமிழில் கத்தினாள். அவன் பதறி மூடியைத் திருகி எடுப்பதற்குள் வாய் மூடிக்கொண்டது. புளூமா வெறும் வாயை மென்றார். மென்றுவிட்டு, சாப்பாடு ஏன் வரவில்லை என்று கேட்பதுபோல இவளைப் பார்த்தார்.

நிவேதனா இப்போது திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பச் சொல்லுங்கோ அம்மா," என்றாள் மெல்ல.

இராசமலர் திரும்பச் சொன்னாள். திரும்பவும் வாய் திறந்தது. டோவ் ஊட்டினான். பெரிய கரண்டி, கூட அள்ளிவிட்டான். இறங்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ, தாயின் நெற்றியைப் பிடித்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தான்.

"ஐயோ, பின்னுக்குச் சாய்க்காதை! முன்னுக்கு! நாடியைக் கீழை!"

அந்தப் பாஷையில் நாடிக்கு என்ன சொல் என்று அந்த நேரம் பார்த்து வரவில்லை. "கீழே, கீழே" என்று மட்டும் வந்தது. டோவ் எதைக் கீழே என்று தெரியாமல் கரண்டியைக் கீழே வைத்தான். புளூமா இருமினார். பிறகு இருமல் நின்று, ஒரு இரைச்சல் கேட்டது. அந்தச் சத்தம் என்ன என்று இராசமலருக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். முன்னே வளைத்து, முதுகின் நடுவில் உள்ளங்கையால்... அவள் கை காற்றில் அடித்தது. கரண்டி எங்கோ போய் விழுந்தது. நேபாளத்துப் பெண் பாய்ந்து வந்து கிழவியை முன்னே வளைப்பதும், டோவின் தோள் திரையை மறைப்பதும் தெரிந்தது. பிறகு முகட்டு விளக்கு ஒன்று தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை.

திரும்ப எடுத்தாள், பதிலில்லை. திரும்பத் திரும்ப எடுத்தாள். நிவேதனா தொலைபேசியை வாங்கித் தானும் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் தாயின் கையைப் பிடித்து இருத்தி, பக்கத்தில் தானும் இருந்தாள். உள்ளே பிள்ளை எழும்பி அழுதது. அதைக் கேட்டும் இருவரும் கொஞ்ச நேரம் எழும்பவில்லை.

டோவின் செய்தி பின்னேரம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், மூச்சு இருக்கிறது, சாப்பாடு நெஞ்சுக்குள் போய்விட்டது என்கிறார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவள் அந்தக் கடைசி வரியைப் பலமுறை வாசித்தாள். கூகலை ஜெயனியிடம் கொடுக்க அவளுக்குக் கால் எழும்பவில்லை. நிவேதனாதான் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். போகிற வழியில் ஒரு துண்டு பிய்த்துத் தின்றதாகவும், அது நல்ல ருசியென்றும் பிறகொருநாள் சொன்னாள்.

மறுநாள் இராசமலர் விரதமிருந்தாள். கோயிலில் எல்லோருக்கும் சித்திரைக் கஞ்சி வார்த்தார்கள். ஐயர் தாயின் பெயர் கேட்டபோது சொன்னாள். அதற்கு மேல், உயிரோடிருக்கிற ஒருவருக்காக எந்த அர்ச்சனை, என்ன நட்சத்திரம் சொல்லிச் செய்விப்பது என்று தெரியாமல், கையில் கஞ்சிச் செம்போடு வாசலில் நின்றுவிட்டு வந்தாள்.

புளூமா அந்தமுறை பிழைத்தார். ஆனால் மூக்கு வழியே குழாய் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கும் வரவில்லை, ஒரு பராமரிப்பு நிலையத்துக்குப் போனார். அப்படிப் போனால் வீட்டுக்கு ஆள் தேவையில்லை. வீட்டில் ஆள் தேவையில்லையென்றால் இராசமலரின் அனுமதிக்கும் வேலையில்லை. விமானங்கள் பறக்கத் தொடங்கியபோது, போவதற்கு அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. "பாக்க மட்டும் ஒருக்கால் போகேலாதோ?" என்று ஏஜென்சியில் கேட்டாள். அந்தப் பெண் பாவம், இரக்கத்தோடுதான் சொன்னாள்: "அக்கா, நீங்கள் அவவுக்கு என்ன முறை எண்டு எழுதுறது?"

டோவ் நல்லவன். ஞாயிறுகளில் தாயின் கட்டிலடியில் இருந்து அழைப்பான். முதல்முறை இராசமலர் சும்மா, "புளூமா அம்மா, நான் மலர்" என்றுதான் சொன்னாள். குழாய் வைத்த அந்த முகம் குரல் வந்த பக்கம் திரும்பி, வாயைத் திறந்தது. அகலத் திறந்து, அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. வாயால் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. டோவ் உதட்டைத் துடைத்துவிட்டான். வாய் மூடவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்குப் பிறகு இராசமலர், "நீ கதை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று டோவிடம் சொல்லிவிட்டு, தன் பக்கத்துச் சத்தத்தை நிறுத்தி, திரையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தாள். தன் குரல் அவரைப் பசிக்கப் பண்ணுகிறது என்று அவள் நம்பினாள். சண்முகநாதன், "அந்த மனிசிக்கு உம்மடை குரல் கேட்டாலே காணுமாயிருக்கும், கதையுமன்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் கதைக்கவில்லை. அது சரியா பிழையா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

ஏஜென்சி வேறு வீடுகள் சொன்னது. பிறகு பார்ப்போம் என்றாள். நிவேதனா புருஷன் வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு நாளுக்கொருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தாயோடு இருந்துவிட்டுப் போனாள். 

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது டோவின் செய்தி வந்தது. அம்மா நேற்று நித்திரையில் போய்விட்டார், அடக்கமும் முடிந்தது என்று. அவர்கள் வழக்கம் அப்படி, காத்திருப்பதில்லை. இராசமலர் கீரையை ஆய்ந்து முடித்தாள். சுளகை உள்ளே வைத்தாள். பிறகு மழைக்குள் இறங்கிக் கிணற்றடிக்குப் போய், வாளி வாளியாய் அள்ளித் தலையில் ஊற்றினாள்.

ஈரம் சொட்டச் சொட்ட வந்தவளைச் சண்முகநாதன் வாசலில் கண்டார்.

"என்னப்பா, இந்த மழைக்குள்ளை முழுகியிருக்கிறீர்?"

"வெக்கையாக் கிடந்தது," என்றாள் அவள்.

அவர் மழையைப் பார்த்தார். மேசையில் கிடந்த தொலைபேசியைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பி, கொடியில் கிடந்த துவாயை எடுத்து வந்து நீட்டினார்.

"தலையைத் துடையும். தடிமன் பிடிக்கப் போகுது."